கடையில் வாங்கிய மூன்று மாத்திரை

என் கண்ணைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் மனைவியின் ஊசியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். லூர்துவுக்குச் சர்க்கரை நோய். காலையில் பதினெட்டு யூனிட் இன்சுலின், இரவில் பத்து. நோய் அவளுடைய விழித்திரையைக் கெடுத்துவிட்டது. எதிரே நிற்பது யார் என்பது குரல் கேட்டால்தான் அவளுக்குத் தெரியும். ஊசிக்குழலில் உள்ள கோடுகள் தெரியவே தெரியாது. ஆகவே மருந்தை இழுப்பது என் வேலை. சன்னலோரம் நின்று, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கோடுகளை எண்ணி, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றி, "பதினெட்டு" என்று உரக்கச் சொல்லிக் கொடுப்பேன். அவளே வயிற்றில் போட்டுக்கொள்வாள். திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒரே மகள் ஸ்டெல்லாவை வானூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வீட்டில் மொத்தம் நான்கு கண்கள். உருப்படியாக வேலை செய்தவை இரண்டு. இரண்டும் என்னுடையவை.

நான் ஒரு சர்க்கரை ஆலையின் எடைமேடையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கரும்பு லாரி பாரத்தோடு வந்து மேடையில் ஏறும், ஒரு எடை. கரும்பை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும், இன்னொரு எடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் கரும்பு எவ்வளவு என்று தெரியும். அந்த வேலை போன பிறகும் எண்ணும் பழக்கம் போகவில்லை. நான் இட்லியை மெல்லும்போதுகூட எண்ணுவதாக லூர்து கேலி செய்வாள். அது உண்மைதான். இந்த நோயில் அந்தப் பழக்கம் ஓரிடத்தில் உதவியது, முக்கியமான ஓரிடத்தில் உதவவில்லை. எனக்கு வந்தது வேறு யாருக்காவது வந்தால் அவர்களாவது சீக்கிரம் சரியான வாசலுக்குப் போய்ச் சேரட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்த சில வாரங்களில் தோளில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இரண்டு கைகளும் தோளுக்கு மேல் போகவில்லை. வலி என்பதைவிட இறுக்கம் என்று சொல்ல வேண்டும். இரவில் யாரோ சிமெண்டைக் கரைத்து மூட்டுகளில் ஊற்றிவிட்டதுபோல் இருந்தது. பிறகு இடுப்பும் தொடையும் சேர்ந்துகொண்டன. கட்டிலிலிருந்து எழ வேண்டுமானால் முதலில் பக்கவாட்டில் உருள வேண்டும், கால்களைக் கீழே விட வேண்டும், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார வேண்டும். சட்டையை லூர்து பிடித்து மாட்டிவிடுவாள். ஊசிக்குழலைச் சன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்த முடியாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கையைச் சன்னல் கட்டையில் ஊன்றிக்கொண்டு மருந்து இழுத்தேன்.

வெயில் ஏற ஏற இறுக்கம் தளரும். உச்சிப் பொழுதுக்கு நான் சாதாரண மனிதன். மாலையில் கடைத்தெருவுக்கு நடந்தே போய் வருவேன். முதல் சிக்கல் இதில்தான் இருந்தது. நோய் காலையில் வந்தது. எங்கள் ஊர் டாக்டர்கள் கிளினிக்கில் மாலையில் உட்கார்ந்தார்கள்.

திண்டிவனத்து டாக்டர் என் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

"வயசு என்னா ஆகுதுங்க?"

"எழுபத்து மூணு."

"அப்புறம் என்னங்க, தேய்மானந்தான். வண்டி இவ்ளோ நாளு ஓடலியா?"

வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைகளை எடுத்தோம். யூரிக் அமிலம் சரி. சிக்குன்குனியா இல்லை. முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. பரிசோதனையும் இல்லை என்றது. எல்லாம் இல்லை என்றால் இருப்பது என்ன என்று கேட்க ஆளில்லை.

பிறகு விழுப்புரத்தில் ஒரு எலும்பு டாக்டர். காத்திருக்கும் கூடத்தில் மின்விசிறிகள் ஆறு, ஓடியவை நான்கு, அதில் ஒன்றுகூட நோயாளிகளின் தலைக்கு மேல் இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். தோள்மூட்டு இறுகிவிட்டது, உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார். கப்பியில் கயிறு கட்டி, ஒரு கையால் இன்னொரு கையை இழுக்கும் பயிற்சி. மாலையில் போய்ப் பயிற்சி செய்யும்போது என் கை நன்றாகவே மேலே போயிற்று. பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், "சூப்பருங்க சார், நல்லா இம்ப்ரூவ் ஆயிட்டீங்க" என்று பாராட்டினாள். மறுநாள் காலையில் மறுபடி சிமெண்ட்.

உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. இடுப்பு வாரில் புதிதாக இரண்டு துளைகள் போட வேண்டியதாயிற்று. வயதானவன் காரணமில்லாமல் இளைத்தால் எல்லாருக்கும் ஒரு நோய்தான் நினைவுக்கு வரும். யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஸ்டெல்லா வந்து முழு உடம்புக்கும் ஸ்கேன் எடுக்க வைத்தாள். முடிவு வரும்வரை லூர்து தினமும் செபமாலையை இரண்டு முறை உருட்டியதை அவளுடைய விரலைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. செலவுக் கணக்கை இங்கே எழுதப்போவதில்லை. எல்லா வீட்டிலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும்.

இந்த அலைச்சலின் நடுவில்தான் அந்த மாத்திரைகள் வந்தன. எங்கள் தெருமுனையில் சேகரின் மருந்துக்கடை இருக்கிறது. நல்ல பையன், கடை பூட்டும் நேரத்திலும் கூப்பிட்டால் திறந்து கொடுப்பான். விழுப்புரத்துக்குப் பேருந்தில் போய்வர என் இடுப்பு படும் பாட்டை லூர்து அவனிடம் சொல்லி அழுதிருக்கிறாள். சின்னக் காகித உறையில் போட்டு மூன்று மாத்திரை கொடுத்திருக்கிறான்.

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு மட்டும் குடும்மா. சாரு பஸ்ஸுல நிமிந்து உக்காந்துக்கினு போவாரு."

எங்கள் பக்கம் இதற்கு 'செட்' என்று பெயர். சளிக்கு ஒரு செட், காய்ச்சலுக்கு ஒரு செட், உடம்பு வலிக்கு ஒரு செட். நாற்று நடப் போகிறவர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் கடை திறந்ததும் வாங்கிப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறுவார்கள். எனக்குக் கிடைத்த செட்டில் ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, ஒன்று மிளகைவிடச் சிறியது. மூன்று என்று எண்ணினேன். காபியோடு விழுங்கினேன். என்ன மாத்திரை என்று கேட்கவில்லை.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் நாங்கள் செய்வது ஒரு முறைப்படி நடக்கும். வெந்நீரில் குளியல், முகச்சவரம், சலவை வேட்டி, செட். டாக்டர் முன்னால் அலங்கோலமாகப் போய் நிற்பது மரியாதை இல்லை என்பது லூர்துவின் கட்சி. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று எல்லா டாக்டர்களும் கேட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கு மட்டும் என்று எல்லாரிடமும் சொன்னேன். அதை மறைத்ததாக நான் நினைக்கவில்லை. சீட்டில் எழுதிக் கொடுப்பதுதான் மருந்து. கடையில் வாங்குவது வலி மாத்திரை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள்.

கோடையில் புதிதாக மூன்று தொந்தரவுகள் சேர்ந்தன. முதலாவது, தலை. இரண்டு நெற்றிப்பொட்டிலும் வலி, சீப்புப் பட்டாலே தோல் எரிந்தது. இரண்டாவது, தாடை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை வேகவைத்துத் தின்பது எனக்குப் பிடித்தமானது. பத்துப் பன்னிரண்டு முறை மென்றதும் தாடை களைத்து நின்றுவிடும். சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடி மெல்லும். பல்செட்டால் வரும் கோளாறு என்று பல் டாக்டரிடம் போனேன். அவர் பல்செட்டை இரண்டு இடத்தில் ராவிக் கொடுத்தார். மூன்றாவது, கண். ஒருநாள் காலை மருந்து இழுத்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் மேலிருந்து திரை இறங்குவதுபோல் இருட்டு வந்தது. கோடுகள் மறைந்துபோயின. சில நிமிடத்தில் திரை விலகிற்று.

"என்னாங்க, இன்னும் இழுக்கலியா?" என்றாள் லூர்து.

"குமிழி" என்றேன்.

கண்புரை என்று முடிவு கட்டினேன். அடுத்த இலவசக் கண் முகாம் எப்போது என்று விசாரித்துப் பேர் கொடுத்து வைத்தேன். எலும்பு டாக்டரிடம் போய்ப் பல்லைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் பேசி அவர் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று, ஒவ்வொரு தொந்தரவையும் அததற்கு உரிய டாக்டருக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். படித்தவன் செய்யும் ஒழுங்கு.

கடைசியில் ஸ்டெல்லா பிடிவாதமாக விழுப்புரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அங்கே வெளிநோயாளிகளைக் காலையில் பார்க்கிறார்கள். பொது மருத்துவப் பிரிவில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் பேத்தி வயது இருக்கும். வழக்கப்படி குளித்து, சவரம் செய்து, செட் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"கையத் தூக்குங்க தாத்தா."

தாத்தா என்று கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் நேராகத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

"நல்லாத்தான தூக்குறீங்க!"

"எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். இ.எஸ்.ஆர். என்று ஒரு பரிசோதனை. ரத்தத்தை ஒரு நெட்டைக் கண்ணாடிக் குழாயில் ஒரு மணி நேரம் நிற்க வைத்து, சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கின்றன என்று பார்ப்பார்கள். உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். என் வயதுக்கு முப்பதைச் சுற்றி இருக்கலாமாம். எனக்கு நாற்பத்திரண்டு. "கொஞ்சந்தான் கூட இருக்கு" என்று பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். அடுத்த வாரம் காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார்.

அந்த அடுத்த வாரத்தில் சேகரின் மாமனார் பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் இறந்துபோனார். கடையைப் பூட்டிவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். முதல் நாள் மாலை செட் வாங்கப் போன லூர்து, பூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

மறுநாள் காலை என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். முந்தின நாளே ஸ்டெல்லா வந்திருந்தது நல்லதாகப் போயிற்று. குளியல் இல்லை, சவரம் இல்லை. லூர்துவும் கூடவே கிளம்பினாள். பேருந்துப் படியில் நடத்துனரும் ஸ்டெல்லாவும் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஏற்றினார்கள். "ஜல்தி ஏறுங்க பெரியவரே, டைம் ஆவுது" என்று ஓட்டுநர் சத்தம் போட்டார். உட்கார்ந்த பிறகு சன்னல் கண்ணாடியின் கீழ்ப்பாதி அழுக்காக இருப்பதைக் கண்டேன். கைக்குட்டையால் துடைத்தேன். போகவில்லை. பேருந்தை இப்படியா வைத்திருப்பது என்று ஸ்டெல்லாவிடம் புலம்பினேன்.

"கண்ணாடி சுத்தமாத்தாம்ப்பா கீது."

இறங்கிய பிறகும் அழுக்கு என்னோடு வந்தது. வலது கண்ணின் கீழ்ப்பாதி எங்கே பார்த்தாலும் கறுப்பாக இருந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "போன வாரம் வந்தது இவருதானா? கையத் தூக்குங்க."

தோள் உயரத்துக்குக்கூடப் போகவில்லை.

"ஒரு வாரத்துல என்ன ஆச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் நின்ற லூர்து முன்னால் வந்தாள். ஏதோ குற்றம் நடந்துபோனதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் பேசினாள்.

"மன்னிச்சுக்கோம்மா. இன்னைக்கி செட்டு போட முடியல. கடைய பூட்டிக்கினு சாவுக்குப் போய்ட்டாங்க. இல்லன்னா நல்லா பளிச்சின்னு இட்டாந்திருப்பேன்."

"என்ன செட்டு?"

"வலிக்கி. மூணு மாத்திர. ஒண்ணு பொடிசா இருக்கும்மா, கைக்கே தட்டுப்படாது."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "வெளிய வேற மாத்திர சாப்பிடுறீங்களான்னு கேட்டனே தாத்தா?"

"அது மருந்து இல்லீங்களே. கடையில வாங்குறது."

அவர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தலை வலிக்கிறதா என்று கேட்டார். அதை வேறு டாக்டரிடம் காட்டிக்கொள்கிறேன் என்றேன். சாப்பிடும்போது தாடை வலிக்கிறதா? அது பல்செட் கோளாறு, ராவியாகிவிட்டது என்றேன். எத்தனை முறை மென்றால் வலிக்கிறது? அப்படி ஒரு கேள்வியை ஒரு டாக்டர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பத்திலிருந்து பன்னிரண்டு என்று உடனே சொன்னேன். அவர் முகம் மாறியது.

"கண்ணு?"

"கண்புரை. முகாமுக்குப் பேர் குடுத்திருக்கேன். இன்னைக்கி பஸ் கண்ணாடிதான்..." என்று தொடங்கி, நானே நிறுத்திக்கொண்டேன்.

அவர் இரண்டு விரல்களால் என் பொட்டைத் தொட்டார். இடது பக்கம் நாடி துடித்தது. வலது பக்கம் கயிறுபோல் தடித்திருந்தது, துடிப்பு இல்லை. என் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். என் தலையில் இருந்த ஒன்றை நான் எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

அவர் எங்களுக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். உடம்புக்குள் கிருமிகளோடு சண்டை போட ஒரு காவல்படை இருக்கிறது. சிலருக்கு, பெரும்பாலும் வயதானவர்களுக்கு, அந்தப் படை சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. ஆலைக் காவலாளி திருடனை விட்டுவிட்டு எங்களையே பிடித்து அடைத்தால் எப்படி இருக்கும், அப்படி. தோளிலும் இடுப்பிலும் அது செய்கிற அழற்சிக்கு ஒரு பெயர், பாலிமயால்ஜியா. தலைக்குப் போகும் ரத்தக் குழாய்களைத் தாக்கினால் இன்னொரு பெயர், ஜெயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ். குழாய்ச் சுவர் வீங்கி ரத்தம் குறைகிறது. மெல்லும்போது தாடைத் தசைக்கு ரத்தம் போதாமல் அது களைத்துப்போகிறது. கண் நரம்புக்குப் போகும் குழாய் அடைத்தால் பார்வை போய்விடும். போனது பெரும்பாலும் திரும்பாது. ஒரு கண்ணில் வந்தால், மருந்து கொடுக்காவிட்டால் சில நாளில் மற்ற கண்ணுக்கும் வரலாம். நம் பக்கத்தில் அதிகம் காணாத நோய் என்பதால் பலருக்குச் சந்தேகம் வருவதில்லை.

"இதுக்கு மருந்து ஸ்டீராய்டு. உங்க செட்டுல இருந்த பொடி மாத்திரையும் அநேகமா அதுதான். போட்ட அன்னைக்கு வீக்கம் அடங்கும். அன்னைக்கே எங்ககிட்ட வருவீங்க. நாங்க பாத்தா ஒண்ணுமிருக்காது."

எடைமேடையில் இருந்தவனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு டாக்டர் முன்னாலும் செட் என்ற பாரத்தோடு ஏறினேன். காலி வண்டியை யாருக்கும் காட்டவில்லை.

அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். இ.எஸ்.ஆர். நூற்றெட்டு. கண் பிரிவில் மருந்து ஊற்றிப் பார்த்தார்கள். வலது கண்ணின் கீழ்ப்பாதி போனது போனதுதான், இடது கண் இன்னும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த 'இன்னும்' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. கையில் குழாய் சொருகி, ஸ்டீராய்டை மூன்று நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். சொட்டுகளை எண்ணினேன். நடுநடுவே வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிர்ச்சுவரில் இருந்த மின்விசிறி ரெகுலேட்டரின் எண்களை இடது கண்ணால் படித்துப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஐந்து. தெரிந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி பொத்துவேன்.

பக்கத்துக் கட்டிலில் கோலியனூர்க்காரர் ஒருவர், மஞ்சள் காமாலை. நான் கண்ணைப் பொத்துவதையும் திறப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்னா பெருசு, நர்ஸம்மாவைப் பாத்துக் கண்ணடிக்கிறியா?" என்றார். வார்டே சிரித்தது. அவருடைய மனைவி கேப்பைக் கூழ் கொண்டுவரும்போது எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றுவார். மெல்ல வேண்டியதில்லை என்பதால் அது எனக்கு வசதியாக இருந்தது. இரண்டாம் நாள் காலை யாரும் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்தேன். சட்டையை நானே மாட்டினேன். அத்தனை மாதத்துச் சிமெண்ட் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மருந்தின் கைங்கரியத்தால் என் ரத்தத்திலும் சர்க்கரை ஏறியது. நர்ஸ் விரலில் குத்தி முந்நூற்றுப் பத்து என்றார். இதைக் கேட்டு லூர்து, அங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "எனக்குத் துணைக்கி வந்துட்டீங்களா?"

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அன்று மாலை வராந்தாவில் ஸ்டெல்லா அவளைப் பிடித்துக்கொண்டாள். சன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"எத்தினி வாட்டி கேட்டாங்க, வேற மாத்திர உண்டான்னு! வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?"

"எனக்கு இன்னாடி தெரியும்? அப்பா பஸ்ஸுல அழக் கூடாதுன்னு குடுத்தேன்."

"கண்ணு போச்சேம்மா. இனிமே மாத்திர டப்பாவ நீ தொடவே கூடாது. சொல்லிட்டேன்."

"தொட மாட்டேன்" என்றாள் லூர்து. "சத்தியமா தொட மாட்டேன்."

நான் எழுந்து போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கையில் குழாய் இருந்தது. விழுங்கியவன் நான். படித்தவனும் நான்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பொட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக் குழாயில் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்தார்கள். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நோய் உறுதியாகும் என்றார்கள். நான்கு தையல். முடிவு வந்தபோது அதில் இருந்தது உறுதி இல்லை. ஏற்கெனவே ஸ்டீராய்டு உள்ளே போயிருப்பதால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை, அந்த நோயாக 'இருக்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். இருக்கலாம் என்பது ஒரு எடையா? ஒரு லாரிக்காரனிடம் உன் கரும்பு பன்னிரண்டு டன் இருக்கலாம் என்று நான் சொன்னால் சும்மா விடுவானா? டாக்டரம்மாவிடம் இப்படியே கேட்டேன்.

"தாத்தா, உங்க ஒடம்பு சொல்லிடுச்சு. பேப்பர் சொல்லலன்னா பரவாயில்ல. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்துனா ஆபத்து."

வீட்டில் ஸ்டெல்லா எனக்கென்று அறைகள் வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனாள். காலையில் ஆறு ஸ்டீராய்டு மாத்திரை, வயிற்றுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று. லூர்து டப்பா இருந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. காபியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு விலகிப் போய்விடுவாள். நான் இடது கண்ணால் கோடு பார்த்து அவளுக்குப் பதினெட்டு இழுத்துக் கொடுத்தேன். அவள் போட்டுக்கொண்டாள். எங்களுக்குள் பேச்சுக் குறைந்துபோயிற்று. நான் விழுந்துவிடுவேனோ என்று வலது பக்கமாகவே நடந்தாள். அந்தப் பக்கம் கீழே இருப்பது எனக்குத் தெரியாது, அவளுக்கு எந்தப் பக்கமும் தெரியாது. இருவரும் சேர்ந்து ஒரு ஸ்டூலை உருட்டிவிட்டோம்.

மறு பரிசோதனைக்குப் போன அன்று, ஸ்டெல்லா மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரத்தில், டாக்டரம்மாவிடம் நான் தனியாக ஒன்று கேட்டேன்.

"அந்த செட்டுல இருந்ததும் இதே மருந்து வகைதானேம்மா?"

"ஆமா தாத்தா. ஆனா அளவு தெரியாம, விட்டு விட்டு. அது தப்பு."

"தப்புத்தான். நான் கேக்குறது வேற. அதையும் போடாம இருந்திருந்தா ரெண்டு கண்ணும் முன்னாடியே போயிருக்குமா?"

அவர் பொய் சொல்லத் தெரியாத பெண்.

"அப்படிச் சொல்ல முடியாது. செட் இல்லன்னா சீக்கிரமே கண்டுபிடிச்சிருப்போம்."

"கண்டுபிடிக்காம விட்டிருந்தா?"

"விட்டிருந்தா..." பேனாவால் மேசையைத் தட்டினார். "இருக்கலாம்."

அந்தச் சொல்லைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். லூர்துவிடம் சொன்னபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

"நெசமா அவங்க சொன்னாங்களா? இல்ல நீங்களா சொல்றீங்களா?"

"அவங்கதான் சொன்னாங்க."

"போயிருக்கும்னு சொன்னாங்களா, போயிருக்கலாம்னு சொன்னாங்களா?"

இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள் அல்லவா. கூட்டிச் சொல்ல மனம் வரவில்லை. "இருக்கலாம்னு" என்றேன்.

அவள் மறுபடி கீரையை எடுத்தாள். ஒரு காம்பை விரலால் தடவிக் கிள்ளி, முற்றலை ஒதுக்கிப் போட்டாள். "அது போதும்" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

மறுநாள் காலை அவளுடைய மருந்தை இழுத்து "பதினெட்டு" என்று கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். பிறகு அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். இப்போது ஆறு இல்லை, நான்காகக் குறைத்திருந்தார்கள்.

"நாலு" என்றேன்.

"ஸ்டெல்லா திட்டுவா."

"அவ வானூர்ல இருக்கா."

அட்டையைத் திருப்பித் திருப்பித் தடவினாள். கட்டைவிரலால் ஒவ்வொரு புடைப்பாக அழுத்தி, என் உள்ளங்கையைத் தேடிப் பிடித்து அதில் போட்டாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. கடைசி மாத்திரை அட்டையில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. நகத்தால் கிழித்து எடுத்தாள்.

"நாலு" என்றாள் உரக்க.

நான் எண்ணிப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டேன்.